ரோமன் எண்களும் ஒரு பல்லாங்குழியும்

ஆபீஸில் ஆணி ஜாஸ்தி, அதான் ஒரு மாசமா கடைப்பக்கம் தலைகாட்ட முடியல. அதுக்கு வட்டியும் முதலுமா இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ கையில எடுத்துக்கிட்டு உட்காருங்க.

முதல்லயே ஒரு டிஸ்கி. இந்தப் பதிவு முழுக்க ரோமன் எண்கள் வரும். ஒவ்வொரு தடவையும் கீபோர்டை ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாத்தி மாத்தித் தட்ட சோம்பேறித்தனம். அதனால எழுத்தை வாயால சொல்ற மாதிரியே எழுதிடுறேன். ஐ என்றால் 1, வி 5, எக்ஸ் 10, எல் 50, சி 100, டி 500, எம் 1000. 'எக்ஸ்-வி-ஐ' என்று பார்த்தால் பதினாறுன்னு புரிஞ்சுக்கங்க. வேற்றுமை உருபுன்னு நினைச்சுட்டு இலக்கணம் தேடாதீங்க :-)

ரோமன் எண்களைப் பத்தி நம்ம ஆளுங்க யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "பூஜ்யம் தெரியாத பசங்க. அதை வெச்சு ஒரு கூட்டல் போட முடியுமா? நாமதான்யா உலகத்துக்கே பூஜ்யம் குடுத்தோம்." கல்லூரி விடுதியில இருந்து ஆபீஸ் டீக்கடை வரைக்கும் இந்த வசனத்தைக் கேட்டாச்சு. பூஜ்யம் நம்ம நாட்டுச் சரக்கு, அதில் பெருமைப்படுறதுல தப்பே இல்ல. ஆனா இந்த வசனத்தில் ஒரு சின்ன விஷயம் உதைக்கும். பாலமும், கால்வாயும், ஐம்பதாயிரம் பேர் உட்கார்ற அரங்கமும் கட்டின கூட்டம், வரி வசூல் பண்ணி, பட்டாளத்துக்குச் சம்பளம் குடுத்து, இத்தனை நூற்றாண்டு ஒரு கூட்டல்கூடப் போடத் தெரியாமலா ஓட்டியிருக்கும்?

இதை நான் உட்கார்ந்து யோசிக்கக் காரணம் எங்க வீட்டு வாண்டு. அக்கா மகள். அஞ்சாங்கிளாஸ். போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை போன் பண்ணினா. வழக்கமா "மாமா, எப்ப வர்றே, என்ன வாங்கிட்டு வர்றே" என்று ஆரம்பிப்பாள். அன்னைக்கு எடுத்ததும், "மாமா, எனக்கு கணக்கு வராது" என்றாள்.

"யாருடா சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கே தெரியும்."

இந்த "எனக்கே தெரியும்" இருக்கே, அதுதான் கொஞ்சம் கிலியைக் கிளப்பிடுச்சு. கணக்கு வராதுன்னு அடுத்தவங்க சொன்னா சண்டை போடலாம். அவளே முடிவு பண்ணிட்டா என்ன பண்றது? என்கூட எஞ்சினியரிங் படிச்ச பசங்களிலேயே இப்படி அஞ்சாவது, ஆறாவதுல ஏதோ ஒரு நாள் முடிவு பண்ணி, அப்புறம் மனப்பாடம் பண்ணியே எம்-3 பேப்பர் வரைக்கும் தாண்டி வந்தவங்க உண்டு. எந்த நாள்னு கேட்டா அவங்களுக்கே ஞாபகம் இருக்காது.

விசாரிச்சதில் விஷயம் இதுதான். கிளாஸ் டெஸ்ட். 99-ஐ ரோமனில் எழுதுன்னு கேள்வி. வாண்டு 'ஐ-சி' என்று எழுதியிருக்கிறாள். நூறில் ஒண்ணு கம்மி. ஒன்பதுக்கு 'ஐ-எக்ஸ்', அதாவது பத்தில் ஒண்ணு கம்மி என்றால், தொண்ணூத்தொன்பதுக்கு 'ஐ-சி' தானே வரணும்? 49-க்கும் அதே மாதிரி 'ஐ-எல்'. ரெண்டும் தப்பு. ஏன் மிஸ் தப்புன்னு கேட்டதுக்கு, "ரூல் அப்படித்தான், எழுதிப் பாரு" என்று பத்து தடவை இம்போசிஷன். புத்தகத்தில் போட்டிருக்கிற விடை 'எக்ஸ்-சி-ஐ-எக்ஸ்'.

பொட்டி தட்டுறவன் கண்ணில் பார்த்தால், அவள் செஞ்சது தப்பே இல்ல. ரெண்டு உதாரணத்தைப் பார்த்து, அதில் இருந்து ஒரு பொது விதியைக் கண்டுபிடிச்சு, புதுக் கணக்குக்குப் போட்டுப் பார்த்திருக்கா. அதுக்குப் பேர்தான் கணக்கு. அதைச் செஞ்ச அன்னைக்கே அவளுக்குக் கணக்கு வராதுன்னு தோணியிருக்கு. கொடுமைடா சாமி.

சரி, ஏன் 'ஐ-சி' கூடாது? ரோமன் எண்ணை மாத்துற நிரல் எழுதச் சொல்றது ஃப்ரெஷர் இன்டர்வியூக்களில் அடிக்கடி தலைகாட்டுற கேள்வி. பெரும்பாலும் எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதுவோம். 1000, 900, 500, 400, 100, 90, 50, 40, 10, 9, 5, 4, 1 என்று பதிமூணு மதிப்புகளுக்கு ஒரு அட்டவணை. பெரிசில் இருந்து ஒவ்வொண்ணா கழிச்சுக்கிட்டே வரணும். அட்டவணையில் 99 இல்லை, அதனால 'ஐ-சி' வராது. வேலை முடிஞ்சது. ஆனா இதுவும் "ரூல் அப்படித்தான்" என்பதோட மறு வடிவம்தானே? அந்த அட்டவணையில் ஏன் 90 இருக்கு, ஏன் 99 இல்லைன்னு யாரும் கேட்கிறதில்ல. நிரல் ஓடுதா, அடுத்த கேள்விக்குப் போ.

அடுத்த வாரமே ரயிலேறி விருதுநகர் போயாச்சு. போற வழியெல்லாம் போனில் மேய்ஞ்சதில் முதல் ஆறுதல் எக்செல் கிட்ட இருந்து வந்தது. எக்செல்லில் எண்ணை ரோமனாக்க 'ரோமன்' என்றே ஒரு ஃபங்ஷன் உண்டு. அதில் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டாவதாக 0-இல் இருந்து 4 வரை ஒரு எண் குடுக்கலாம். எவ்வளவு சுருக்கணும் என்பதற்கு. 499 என்று குடுத்து சுருக்கம் 0 என்றால் 'சி-டி-எக்ஸ்-சி-ஐ-எக்ஸ்' என்று ரயில் மாதிரி வரும். சுருக்கம் 4 என்றால் வெறும் 'ஐ-டி'. ஐந்நூறில் ஒண்ணு கம்மி. அதே மாதிரி 99-க்கு 4 போட்டால் 'ஐ-சி'. அதாவது எங்க வாண்டு எழுதினது எக்செல்லுக்கு ஓகே, கிளாஸ் டெஸ்டுக்குத்தான் ஓகே இல்லை.

இரண்டாவது ஆறுதல் நேரடியா ரோமானியர்களிடம் இருந்தே. ரூல், ரூல் என்கிறோமே, அவங்க அந்த ரூலை எப்படி வெச்சிருந்தாங்க தெரியுமா? ரோமில் இருக்கிற கொலோசியம் அரங்கத்துக்கு எண்பது வாசல்கள். அதில் எழுபத்தாறுக்கு எண் போட்டிருந்தாங்க. நம்ம ஊர் மேட்சுக்கு டிக்கெட்டில் கேட் நம்பர் போடுற மாதிரிதான். சில வாசல்களில் அந்த எண் இன்னைக்கும் கல்லில் இருக்கு. 44-ஆம் வாசலில் என்ன செதுக்கியிருக்காங்க? 'எக்ஸ்-எல்-ஐ-ஐ-ஐ-ஐ'. நாற்பதுக்குக் கழித்தல் முறை, நாலுக்கு நாலு கோடு. ஒரே எண்ணுக்குள்ளயே ரெண்டு கட்சி! இதை எங்க வாண்டு பரீட்சையில் எழுதியிருந்தா இன்னொரு பத்து தடவை இம்போசிஷன்.

இன்னொண்ணு. ஜெர்மனியின் பான் நகர அருங்காட்சியகத்தில் மார்க்கஸ் கேலியஸ் என்ற ரோமானிய படைத்தலைவனின் நினைவுக்கல் இருக்கு. கி.பி. 9-இல் டியூட்டோபர்க் காட்டில் ரோமானியர்கள் படுதோல்வி அடைஞ்ச போரில் செத்துப் போனவர். உடல்கூடக் கிடைக்கல, சகோதரர் கல் நட்டு வெச்சார். கேலியஸ் பதினெட்டாம் படைப்பிரிவைச் சேர்ந்தவர். கல்லில் அந்தப் பதினெட்டு 'எக்ஸ்-ஐ-ஐ-எக்ஸ்'. பத்து, அப்புறம் பத்தில் ரெண்டு கம்மி. நம்ம பாடப்புத்தகத்தின்படி இதுவும் தப்பு. அதே கல்லில் அவர் வயசு 'எல்-ஐ-ஐ-ஐ', பக்கத்தில் ஒரு 'எஸ்'. அந்த எஸ் என்பது 'செமிஸ்', அதாவது அரை. ஐம்பத்து மூன்றரை வயசு. கல் நடும்போது அந்த அரை வருஷத்தைக்கூட விடாம எழுதிய சகோதரர், பதினெட்டை எப்படி எழுதணும்னு எந்தப் புத்தகத்தையும் புரட்டியிருக்க மாட்டார்.

ஆக, நாம பள்ளிக்கூடத்தில் படிக்கிற கறார் விதிகள் எல்லாம் பின்னாடி வந்தவங்க ஒழுங்குபடுத்தினது. ரோமானியர்கள் கையில் அது இளகியே இருந்தது. ஆனா இதை மட்டும் வாண்டுகிட்ட சொன்னா பிரயோஜனம் இல்ல. 'நீ எழுதினதும் சரிதான்' என்று தட்டிக் குடுத்தா, அடுத்த டெஸ்டிலும் முட்டைதான் வரும். அவளுக்கு வேண்டியது காரணம். அந்தக் காரணத்துக்கு முதல் படி எடுத்துக் குடுத்தவர் எங்க அப்பா.

அப்பாவைப் பத்திக் கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல ஒரு வத்தல் மண்டியில் கணக்குப்பிள்ளையா இருந்தவர். சிட்டையைப் பார்த்துக்கிட்டே மனசுக்குள்ள கூட்டி, பேரேட்டில் நேரா விடையை மட்டும் எழுதுவார். ஓரத்தில் கிறுக்கல் எதுவும் இருக்காது. முக்காலே அரைக்கால், முக்காலே மூணு வீசம் எல்லாம் அவருக்கு நமக்கு 0.875, 0.9375 மாதிரி. இல்ல, நமக்கு அதுக்கும் கால்குலேட்டர் வேணும்.

அவர்கிட்ட போய், "ஏம்ப்பா, ரோமன் எண்ணை வெச்சு எப்படிப்பா கூட்டியிருப்பாங்க?" என்று கேட்டேன். பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்:

"நோட்டு கணக்குப் போடுறதுக்கு இல்லடா. போட்ட கணக்கை மறக்காம இருக்கிறதுக்கு."

அவ்வளவுதான் மக்களே. இதைச் சொல்ல நாலு வருஷம் எஞ்சினியரிங் தேவைப்படல. நம்ம பாஷையில் சொன்னா, கணக்குப் போடுற இடம் வேற, காட்டுற இடம் வேற. ரோமன் எண்கள் டிஸ்ப்ளே. கணக்கு நடந்தது இன்னொரு இடத்தில்.

எந்த இடத்தில்? பலகையில். ரோமானியர்கள் கோடு போட்ட பலகையில் கூழாங்கல் வெச்சுக் கணக்குப் போட்டாங்க. லத்தீனில் சின்னக் கல்லுக்குப் பேர் 'கால்குலஸ்'. ஆமா, நாம ரெண்டாம் செமஸ்டரில் மொத்திக்கிட்ட அதே கால்குலஸ்தான். கால்குலேட்டர் என்ற பேரும் அந்தக் கல்லில் இருந்து வந்ததுதான். கையில் தூக்கிட்டுப் போற மாதிரி சின்ன வெண்கலத் தகடும் உண்டு. அதில் வரிசையா காடிகள். ஒவ்வொரு காடிக்கும் கீழே நாலு குமிழ், மேலே ஒரு குமிழ். கீழே இருக்கிறது ஒவ்வொண்ணும் ஒண்ணு. மேலே இருக்கிற ஒத்தைக் குமிழ் அஞ்சு. முதல் காடி ஒன்றுகள், அடுத்தது பத்துகள், அடுத்தது நூறுகள், இப்படியே போகும். வலது ஓரத்தில் பின்னத்துக்குன்னு தனிக் காடி. அவங்க பின்னம் பன்னிரண்டில் ஓடும். பன்னிரண்டில் ஒரு பங்குக்கு 'உன்சியா' என்று பேர். இங்கிலீஷில் இன்ச்சும் அவுன்சும் அதோட பேரப்பிள்ளைங்க. நமக்கு வீசம் மாதிரி அவங்களுக்கு உன்சியா.

இப்ப பாருங்க. கீழே நாலு, மேலே ஒண்ணு. ரோமன் எழுத்துகளும் 1, 5, 10, 50, 100, 500 என்று ஒண்ணும் அஞ்சுமா மாறி மாறித்தானே போகுது? பலகையும் அப்படித்தான். ஐ, எக்ஸ், சி, எம் எல்லாம் கீழ்க்குமிழ்கள். வி, எல், டி எல்லாம் மேல்க்குமிழ்கள். பலகையில் என்ன தெரியுதோ அதை இடமிருந்து வலமா அப்படியே எழுதினா ரோமன் எண். கம்ப்யூட்டர் பாஷையில் ஒரு ஸ்க்ரீன்ஷாட்.

எங்க வீட்டில் அந்த வெண்கலத் தகடு எல்லாம் கிடையாது. ஆனா பரண் மேல் அம்மாவோட பல்லாங்குழி இருந்தது. ரெண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி. இதைவிட வேற என்ன வேணும்? தூசி தட்டி இறக்கி, ஒரு கை புளியங்கொட்டை எடுத்துக்கிட்டு வாண்டுவைக் கூப்பிட்டேன். வலது ஓரத்தில் இருந்து முதல் ஜோடிக் குழி ஒன்றுகள், ரெண்டாவது பத்துகள், மூணாவது நூறுகள். கீழ்க்குழியில் போட்டா ஒண்ணு, மேல்க்குழியில் போட்டா அஞ்சு.

"இப்ப தொண்ணூத்தொன்பது வை பாப்போம்."

கொஞ்ச நேரம் யோசிச்சா. பத்து வரிசையில் மேலே ஒண்ணு, அது ஐம்பது. கீழே நாலு, அது நாற்பது. ஒண்ணு வரிசையில் மேலே ஒண்ணு, கீழே நாலு.

"இப்ப பார்த்து எழுது."

எழுதினா. எல், அப்புறம் நாலு எக்ஸ், வி, அப்புறம் நாலு ஐ. மொத்தம் பத்து எழுத்து. "ஐயே, இவ்ளோ நீளமா?" என்றாள். ஆமா, நீளம்தான். ரோமானியர்களே இப்படி நீளமா எழுதினது உண்டு. அதனாலதான் சுருக்கினாங்க. ஆனா சுருக்கும்போது ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியா சுருக்கினாங்க. பத்து வரிசையில் இருக்கிறது தொண்ணூறு, அது 'எக்ஸ்-சி' ஆச்சு. ஒண்ணு வரிசையில் இருக்கிறது ஒன்பது, அது 'ஐ-எக்ஸ்' ஆச்சு. ரெண்டையும் சேர்த்தா 'எக்ஸ்-சி-ஐ-எக்ஸ்'.

"அப்ப 'ஐ-சி' எழுதினா?"

"நீயே சொல்லு. அந்த ஐ எந்தக் குழியில இருக்கு?"

பல்லாங்குழியையே பார்த்துக்கிட்டு இருந்தா. ஐ என்பது ஒண்ணு வரிசை. சி என்பது நூறு வரிசை. நடுவில் பத்து வரிசை என்ன ஆச்சு? 'ஐ-சி' என்று எழுதினா மொத்த மதிப்பு தெரியும், பலகையில் எப்படி வைக்கிறதுன்னு தெரியாது. படிக்கிறவன் மறுபடி மனசுல கழிச்சுப் பார்த்துட்டுத்தான் கொட்டையை எடுத்து வைக்கணும். 'எக்ஸ்-சி-ஐ-எக்ஸ்' என்றால் ஒவ்வொரு வரிசைக்கும் என்ன என்று தனித்தனியா சொல்லிடுது. ஒருத்தன் எழுத்தை இன்னொருத்தன் பார்த்து நேரா பலகையில் வைக்கலாம். கழித்தல் எல்லாம் ஒரே வரிசைக்குள்ள, இல்லைன்னா பக்கத்து வரிசையோட. வேற தெருவுக்குப் போய்க் கடன் வாங்குற வேலை கிடையாது.

"அப்ப ரூல் சும்மா இல்லயா மாமா?"

"எந்த ரூலும் சும்மா வராதுடா. காரணம் தொலைஞ்சு போயிருக்கும், ரூல் மட்டும் மிச்சம் இருக்கும்."

(பஞ்ச் டயலாக் மாதிரி தெரிஞ்சா மன்னிக்கவும். ஆபீஸில் பழைய கோடு பார்த்துப் பார்த்து வந்த ஞானம்.)

அப்புறம் கூட்டல். 27-ஐயும் 48-ஐயும் கூட்டச் சொன்னேன். முதல்ல 27-க்கு கொட்டைகளை வெச்சா. அது மேலயே 48-ஐயும் கொட்டினா. ஒண்ணு வரிசையின் கீழ்க்குழியில் அஞ்சு கொட்டை, மேல்க்குழியில் ரெண்டு, பத்து வரிசையின் கீழ்க்குழியில் ஆறு. இனிமே சில்லறை மாத்துற வேலைதான். கீழே அஞ்சு சேர்ந்தா எடுத்துட்டு மேலே ஒண்ணு போடு. மேலே ரெண்டு சேர்ந்தா எடுத்துட்டு அடுத்த வரிசையில் கீழே ஒண்ணு போடு. மாத்தி முடிச்சு, குழியைப் பார்த்து எழுதினா: எல்-எக்ஸ்-எக்ஸ்-வி. எழுபத்தஞ்சு. வாய்ப்பாடு வேண்டாம், ஞாபகத்தில் கடன் வெச்சுக்க வேண்டாம். அஞ்சு வரைக்கும் எண்ணத் தெரிஞ்சா போதும். பத்தால் பெருக்கணுமா? எல்லாத்தையும் ஒரு குழி இடப்பக்கம் தள்ளு. எழுத்திலும் அப்படித்தான், ஐ எக்ஸ் ஆகும், வி எல் ஆகும், எக்ஸ் சி ஆகும்.

பார்த்துக்கிட்டே இருந்த அப்பா, "இது சௌகரியமா இருக்கே" என்று தானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். முப்பது வருஷம் மனசுலயே கூட்டின மனுஷன் கிட்ட இருந்து வந்த சர்டிபிகேட் அது.

அப்புறம் ஏன் இந்த முறை தோத்துப் போச்சுன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. பலகையில் ஒரு பெரிய குறை உண்டு. கணக்கு முடிஞ்சதும் கல்லை அள்ளிடுவோம். நடுவில் எங்க தப்பு நடந்ததுன்னு பார்க்க வழியில்ல. லாக் ஃபைல் கிடையாது! நம்ம இந்திய எண்கள் அரபு நாடுகள் வழியா ஐரோப்பாவுக்குப் போனப்ப, கணக்கும் எழுத்தும் ஒரே தாளில் நடக்க ஆரம்பிச்சது. 1202-இல் பீசா நகரத்து லியோனார்டோ, அதாவது நம்ம ஃபிபொனாச்சி, 'லீபர் அபாச்சி' என்ற புத்தகத்தில் இந்த எண்களை வெச்சு வியாபாரக் கணக்கு எப்படிப் போடுறதுன்னு விளக்கினார். அப்பவும் எல்லாரும் உடனே கட்சி மாறிடல. 1299-இல் ஃபிளாரன்ஸ் நகரத்தில் பணம் மாத்துறவங்க சங்கம், கணக்குப் புத்தகத்தில் இந்தப் புது எண்களைப் போடக் கூடாதுன்னு தடையே விதிச்சது. எழுத்தால்தான் எழுதணும். இதுக்கு வழக்கமா சொல்ற காரணம், பூஜ்யத்துக்கு ஒரு வால் போட்டா ஆறோ ஒன்பதோ ஆயிடும், கடைசியில் ஒரு பூஜ்யம் சேர்த்தா தொகை பத்து மடங்கு ஆயிடும் என்பது.

சிரிக்காதீங்க. செக்கில் இன்னைக்கும் நாம எண்ணால் ஒரு தடவை, எழுத்தால் ஒரு தடவை எழுதி 'மட்டும்' என்று முடிக்கிறோம்ல? அதே பயம்தான். எங்க அப்பா ரசீதில் 'எழுத்தால்' என்ற வரியை நிரப்பாம கையெழுத்தே போட மாட்டார்.

இன்னொரு விஷயமும் சொல்லியாகணும். இந்தப் 'பூஜ்யம் தெரியாத பசங்க' கட்சிக்காரங்க நம்ம பழைய தமிழ் எண்களைக் கொஞ்சம் பார்க்கணும். பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று நமக்கும் தனித்தனிக் குறிகள்தான். 2345 என்பது ௨௲௩௱௪௰௫. வாயால் சொல்ற மாதிரியே, ரெண்டு ஆயிரம், மூணு நூறு, நாலு பத்து, அஞ்சு. 2008 என்பது ௨௲௮. நடுவில் பூஜ்யம் எங்கே? தேவையே இல்லை. யூனிகோடில் தமிழ் பூஜ்யத்துக்கு இடம் கிடைச்சதே 2005-இல், 4.1 பதிப்பில்தான். அதுக்காக நம்ம பாட்டன் பூட்டன் எல்லாம் கணக்குத் தெரியாதவங்களா? முந்நூத்து இருபதில் ஒரு பங்குக்கு முந்திரின்னு பேர் வெச்ச ஆளுங்கய்யா அவங்க. எழுத்தில் பூஜ்யம் இல்லாததுக்கும் தலையில் கணக்கு இல்லாததுக்கும் சம்பந்தமே இல்லை. நமக்கு ஒரு நியாயம், ரோமானியனுக்கு ஒரு நியாயமா?

ஒரு இடத்தில் நம்ம முறை அவங்க முறையைவிட ஒரு படி மேல. நாம மூவாயிரத்துக்கு ௩௲ என்று பெருக்கி எழுதிட்டோம். அவங்க எம்-எம்-எம் என்று அடுக்கினாங்க. அதனாலதான் பாடப்புத்தக ரோமன் முறை 3999-இல் முட்டி நிக்குது. அதுக்கு மேல போக எழுத்துக்கு மேல கோடு போட்டு ஆயிரம் மடங்கு ஆக்கணும். எக்செல்லும் 3999-க்கு மேல கையை விரிச்சுடும்.

இப்படிக் கணக்கில் வேலை போன பிறகும் ரோமன் எண்கள் ஏன் சாகலை? இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இருக்கு. அவை எண்ணாக இருக்கிறதை விட்டுட்டு பேராக மாறிடுச்சு. நம்ம அரசியலமைப்புச் சட்டத்தின் ஆங்கில வடிவத்தில் பகுதிகள் எல்லாம் ரோமனில்தான் இருக்கு. அடிப்படை உரிமைகள் மூணாம் பகுதி. 1956-இல் ஏழாம் பகுதியை நீக்கினாங்க. பின்னாடி இருந்ததை எல்லாம் ஒரு எண் முன்னாடி இழுத்தாங்களா? இல்லை. 1976-இல் அடிப்படைக் கடமைகளைச் சேர்த்தப்ப, அதுக்கு நாலு-ஏ என்று பேர் வெச்சாங்க. டேட்டாபேஸில் ஒரு வரிசையை அழிச்சா மத்த வரிசைகளோட ஐடியை நாம மாத்துறதில்லையே, அந்த மாதிரி. போப்பாண்டவர் பட்டியலில் இருபத்தோராம் ஜான் இருக்கார், இருபதாம் ஜான் என்று ஒருத்தர் கிடையவே கிடையாது. இடைக்காலத்தில் எண்ணிக்கை குழம்பினதுதான் காரணம். பேர் வெச்சா வெச்சதுதான்.

2022-இல் பட்டத்துக்கு வந்த இங்கிலாந்து ராஜா மூன்றாம் சார்லஸ், 2025-இல் வந்த போப் பதினான்காம் லியோ. ரெண்டு பேர் பின்னாடியும் ரோமன்தான். நமக்கு அது தேவைப்படல, ஏன்னா நம்மகிட்ட 'ஆம்' இருக்கு. முதலாம் ராஜராஜன், இரண்டாம் புலிகேசி. வடிவேலு 2006-இல் இருபத்து மூன்றாம் புலிகேசியா வந்தப்பகூட ரோமன் இல்லாமலே கலக்கிட்டுப் போனார் :-) அமெரிக்கால சூப்பர் பவுல் போட்டிக்கு வருஷா வருஷம் ரோமன் எண். ஐம்பதாவது போட்டி 2016-இல் வந்தப்ப மட்டும் வெறும் 'எல்' நல்லா இல்லைன்னு 50 என்று போட்டுட்டாங்க. அடுத்த வருஷமே திரும்ப 'எல்-ஐ'. 2017-இல் ஆப்பிள் விட்ட போனை அவங்க 'ஐபோன் டென்' என்றாங்க, ஊரே 'ஐபோன் எக்ஸ்' என்றது. இதுக்கு மேல என்ன சொல்ல.

எங்க வீட்டுச் சுவர்க்கடிகாரத்திலும் ரோமன்தான், நாலுக்கு நாலு கோடு போட்டது. எங்க ஆத்தா எழுதப் படிக்கத் தெரியாதவங்க. அந்தக் கடிகாரத்தில் மணி பார்த்துத்தான் மாத்திரை போடுவாங்க. முள் எந்த மூலையில் நிக்குதுன்னு பார்த்தா போதும், எழுத்து எதுவா இருந்தா என்ன? வாண்டுகிட்ட இதைக் காட்டினப்ப, "லண்டன் பிக் பென்லயும் இப்படியா?" என்றாள். பார்த்தோம். அங்க 'ஐ-வி'. "அப்ப நம்ம வீட்டுக் கடிகாரம் தப்பா?" என்று இந்த முறை அவள் கேட்கல. "ரெண்டு விதமும் உண்டு" என்று அவளே சொல்லிக்கிட்டா. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ராத்திரி முழுக்க ரயிலில் போனேன்னு வெச்சுக்கங்க.

கிளம்புற அன்னைக்குக் காலையில் அக்கா கொஞ்சம் கடுப்பில் இருந்தாள். "புளியங்கொட்டை வெச்சு பரீட்சை எழுத முடியுமாடா? மார்க் வாங்குற வழியை மட்டும் சொல்லிக்குடு." அக்கா சொல்றதிலும் நியாயம் இருக்கு. அவளுக்குத் தெரியும், டெஸ்ட் பேப்பரில் காரணத்துக்கு மார்க் கிடையாது. ஆனா வாண்டு இப்போ 'எக்ஸ்-சி-ஐ-எக்ஸ்' என்று தப்பில்லாம எழுதுறா, மனப்பாடம் பண்ணாமலே. மார்க்கும் வந்துடும்க்கான்னு சொல்லிட்டு பையை மாட்டினேன்.

செருப்பு போடும்போது வாண்டு பல்லாங்குழியோட வாசலுக்கு வந்தா. எல்லாக் குழியும் காலி.

"மாமா, பூஜ்யத்தை ரோமன்ல எப்படி எழுதுவாங்க?"

இதுக்கு ஒரு பதில் கைவசம் இருந்தது. ஆறாம் நூற்றாண்டில் ஈஸ்டர் தேதி கணிச்ச டயோனிசியஸ் என்ற துறவி, ரோமன் எண்களுக்கு நடுவில் ஒண்ணும் இல்லாத இடத்தில் 'நுல்லா' என்று வார்த்தையாவே எழுதினார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவளே குழிகளைப் பார்த்துட்டு சொன்னா:

"ஒண்ணும் எழுத வேணாம்ல? அங்கதான் ஒண்ணுமே இல்லையே."

எக்செல்லில் பூஜ்யத்தைக் குடுத்தா அதுவும் இதையேதான் சொல்லுது. வெறும் காலி இடம்.